நாய்க்குச் சொன்ன ஆகாரம்

எதையும் கேட்டதும் நம்பிவிடுகிற புத்தி எனக்கு எப்போதும் கிடையாது. பால்காரர் என் கண் முன்னால் உட்கார்ந்து கறந்தாலும் சரி, செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கறக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் இருந்தால்? அப்படிப்பட்டவள் நான். அதனால், அறந்தாங்கி மாட்டாஸ்பத்திரி டாக்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, நாய்க்கு ஈரல் கொடுங்கள், முட்டை கொடுங்கள், சுறா எண்ணெய் கொடுங்கள் என்று அடுக்கியபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இந்த மனுஷனுக்கும் எண்ணெய் விற்கிறவர்களுக்கும் என்ன உறவு?

நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த சில பெரிய வீடுகள் தங்கள் நாய்களைக் கண்டவர் கையிலும் கொடுத்துக் கலைத்துவிட்டன. அப்படி ஒரு வீட்டிலிருந்து என் மாமனார் ஒரு பெட்டைக் குட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வளர்ந்ததும் ஒல்லி உடம்பும் நெட்டைக் காலுமாக நின்றது. கொல்லையில் முயல் சலசலத்தால் போதும், பாய்ந்துவிடும். மாமனார் பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார்.

அது போட்ட முதல் ஈற்றில் ஒரு குட்டியும் தேறவில்லை. முன்னங்கால்கள் வளைந்து, எழுந்து நிற்க முடியாமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தன. ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பங்காளிகள் அத்தனை பேரிடமும் குட்டி தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்த மாமனாருக்குப் பெரிய தலைக்குனிவு.

அந்த வருஷமே என் முதல் குழந்தையும் போய்விட்டது. தாய் வீட்டில்தான் பெற்றேன். பிறந்தபோதே நோஞ்சான். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது, ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மருத்துவச்சி என் தாயாரிடம் காரணம் சொன்னாள்: "ஒம் மக வாயைக் கட்டல. வயித்துல சோறு நெறஞ்சா புள்ளைக்கு எடம் எங்கிட்டு இருக்கும்? மூச்சு முட்டிப்போச்சு." எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது அதைத்தான். மாசம் ஏற ஏற அரை வயிறு சாப்பிட வேண்டும். முட்டை, கறி, மீன் எதுவும் ஆகாது. அதெல்லாம் பெற்றெடுத்த பிறகுதான். எதையும் நம்பாத நான் இதை மட்டும் சந்தேகமே படாமல் நம்பினேன். என் பிள்ளையை நானே தின்றே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு எத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் நான் மறுபடி உண்டானேன். எனக்கு ஆறாம் மாசம் நடக்கும்போது நாயும் சினையானது. இந்தத் தடவை புகுந்த வீட்டிலேயே பிரசவம் என்று முடிவு செய்தார்கள். இதுவும் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். வீட்டில் பேச்செல்லாம் நாயின் வயிற்றைப் பற்றித்தான்.

மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரை மாமனார் பிடித்துக்கொண்டார். நாயைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டார் டாக்டர்.

"காலையில கேப்பைக் கூழு, பொழுது சாஞ்சா குருணைக் கஞ்சியில மோரை ஊத்தி. வயிறு நெறையப் போடுறோங்க, கொறை ஒண்ணும் இல்ல," என்றார் மாமனார் பெருமையாக.

"வயிறு நெறையுதுங்க. எலும்புக்கு என்ன போடுறீங்க?" என்றார் டாக்டர். "வயித்துல இருக்குற குட்டி தனக்கு வேண்டியதைத் தாய்கிட்டருந்துதான் எடுத்துக்கும். தாய் ஒடம்புல இல்லாட்டி அது எங்க போயி வாங்கும்? கஞ்சியை நிறுத்த வேணாம். கூடச் சேர்க்க வேண்டியதைச் சேருங்க."

எதைச் சேர்ப்பது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. எலும்புக்குத்தானே, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கஞ்சியில் ஊற்றிவிடுகிறேன் என்றார் மாமனார். குடல் வெந்துபோகும் என்றார் டாக்டர். எருக்கடையில் எலும்புத்தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்றார் மாமனார். அது வயலுக்குப் போடுவது, எந்த மாட்டின் எலும்போ, எங்கே செத்துக் கிடந்ததோ, வாயில் வைக்காதீர்கள் என்றார் டாக்டர். கடைசியில் முடிவானது இது. கோழிமுட்டையை வேகவைத்துக் கொடுக்க வேண்டும். ஓட்டைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, மைபோல இடித்துத் துணியில் சலித்துக் கஞ்சியில் ஒரு சிட்டிகை. ஆட்டு ஈரல் வாரத்தில் ஓரிரு நாள், தினமும் கூடாது. முருங்கைக்கீரை எவ்வளவு வேண்டுமானாலும். சுறா ஈரலை உருக்கிய எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி, அதற்கு மேல் போனால் நன்மைக்குப் பதில் கெடுதல்.

நானும் மாமியாரும் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டோம். சமைக்கப் போகிறவள் நான் என்பதால் கவனமாகக் கேட்டேன். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். டாக்டர் போன பிறகும் அங்கேயே நின்றார்.

எண்ணெய் கடலோரம் இருக்கும் கட்டுமாவடியிலிருந்து வந்தது. கருவாட்டுக் கூடையோடு ஊர் ஊராக வரும் ஓர் அம்மா, ஒரு பாட்டிலைக் கந்தல் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் விடுவேனா? தக்கையைத் திறந்து மோந்தேன், உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தேன், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

"கடலை எண்ணெய் கலந்திருக்கு," என்றேன்.

"ஆத்தாடி!" என்று மோவாயில் கை வைத்தார் அந்த அம்மா. "அம்புட்டுச் சந்தேகம்னா நீயே படகேறிப் போயி ஒரு சுறாவைப் புடிச்சுட்டு வா தாயி. நான் அடுப்பு மூட்டித் தாரேன்."

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கை மட்டும் எவ்வளவு சீயக்காய் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. சரி, எண்ணெய் அசல்தான் போலிருக்கிறது என்று அரை மனதாக ஒப்புக்கொண்டேன். ஆனாலும் பாட்டிலில் எண்ணெய் நிற்கும் இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

முதலில் சில நாள் நாய்ச் சமையலை நான்தான் செய்தேன். கொல்லைப்புறத்தில் அதற்கென்று தனி அடுப்பு. ஈரலைச் சின்னதாக நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே குருணையைப் போட்டுக் குழைத்து, கீரையை அள்ளிப் போட்டு, இறக்கி ஆறிய பிறகு எண்ணெய். நாய் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வரும். அரை வயிற்றுக் கஞ்சி குடித்துவிட்டு அந்த ஈரல் வேகிற வாசனையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? வாயில் எச்சில் ஊறும், விழுங்கிக்கொள்வேன்.

ஒரு நாள் மாமியார் வந்து என் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டார். "நீ குனிஞ்சு நிமிர வேணாம். இனிமே நான் பாத்துக்கிறேன்."

எனக்கு மூக்கில் வியர்த்தது. ஏனென்றால் மாமியார் கவிச்சி தொடமாட்டார். வீட்டில் மீன் கழுவினால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருப்பக்கம் போய்விடுகிறவர். அவர் ஈரல் நறுக்குகிறாராம், யாரிடம் கதை விடுகிறார்? அதோடு, எனக்கும் இனிமேல் தானே சாதம் போடுவதாகச் சொல்லிவிட்டார். அதுவரை எல்லாரும் சாப்பிட்ட பிறகு நானே சட்டியில் மிச்சமிருப்பதைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தனியாக ஒரு கும்பாவில் பிசைந்து, மூடி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் என்னவோ கெட்டியாக இருக்கும்.

என் ரசத்தில் கண் கண்ணாக எண்ணெய் மிதந்தது. ரசத்தில் எண்ணெய்க்கு என்ன வேலை? கீரைக் கடைசலில் மஞ்சளாக ஏதோ மசிந்திருந்தது. பருப்பு என்றார். பருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு நாள் பல்லில் நறநறவென்று தட்டியது. "உப்புல மண்ணு கெடந்துருக்கும்," என்றார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. புளிக்குழம்பில் ஒரு கெட்ட நாற்றம். "கருவாட்டுச் சட்டியைச் சரியா வெளக்கல போல." பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் என் கணக்கைவிட அதிகமாக இறங்கியிருந்தது. நாயைப் பார்த்தேன். தட்டைச் சுத்தமாக நக்கிய பிறகும் இன்னும் வேண்டும் என்று முனகியது. மாமனார்கூட அதன் விலாவைத் தடவிவிட்டு, "ஈரல் வாங்கிப் போட்டும் ஏறலையே," என்றார்.

மருந்து வைக்கிறார் என்று முடிவு செய்தேன். அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயமான பேச்சு இல்லை. இடுமருந்து கொடுத்துப் புருஷனை மயக்கினாள், மருமகளை மெலிய வைத்தாள் என்று கிணற்றடியில் தினம் ஒரு கதை கேட்கலாம். அந்தச் சமயம் பார்த்து மாமியாரின் அண்ணன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கினாள். கல்யாணமாகாத பெண், பார்க்கவும் லட்சணம். "என் அண்ணன் மக கை பட்டா வீடே வெளங்கும்," என்று மாமியார் என் காதுபடச் சொன்னார். முதல் பிள்ளை தங்கவில்லை. இதுவும் தங்காமல், இதோடு நானும் போய்விட்டால், அந்த இடத்துக்கு ஆள் தயாராக நிற்கிறாள். வயிற்றில் பிள்ளையைப் பெருக்க வைத்துப் பிரசவத்தில் என்னை முடிக்கப் பார்க்கிறார் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, பிள்ளையைக் கரைக்கப் பார்க்கிறார் என்று மறுநாள் தோன்றும்.

கணவர் அறந்தாங்கியில் ஒரு நெல் மண்டியில் வேலை பார்த்தார். வாரக் கடைசியில் வந்தவரிடம் சொன்னேன்.

"எங்க ஆத்தா எனக்கே ஒழுங்கா சோறு போடாது. ஒனக்குத் தனியா மருந்து அரைச்சு வக்கிதாக்கும்!" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவரிடம் சொன்னதற்கு அம்மிக்கல்லிடம் சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து நான் அந்தக் கும்பாவைத் தொடவில்லை. கொல்லைப்பக்கம் எடுத்துப்போய் நாயின் தட்டில் கொட்டிவிடுவேன். நாய் சுருண்டு விழுந்தால் அதுவே சாட்சி, மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்பது என் கணக்கு. நாய் பாவமில்லையா என்று கேட்பீர்கள். பாவம்தான். ஆனால் என் வயிற்றுக்குள் ஒன்று துடித்துக்கொண்டிருந்ததே, நான் வேறு என்ன செய்வேன்?

நாய் சாகவில்லை. நாளுக்கு நாள் மினுமினுத்தது! ரோமம் பளபளத்தது, விலா மூடியது, வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று நடந்தது. என்னைக் கண்டாலே ஓடிவந்து கும்பாவை மோந்து பார்த்தது. "டாக்டர் சொன்னது பலிக்குது பாத்தீங்களா?" என்று மாமனார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அப்போதாவது எனக்குப் புத்தி தெளிய வேண்டாமா? தெளியவில்லை. மனுஷருக்கு வைக்கும் மருந்து நாயை ஒன்றும் செய்யாது போல என்று நினைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது பானையிலிருந்து ஒரு கை பழைய சோறு எடுத்துத் தண்ணீரோடு விழுங்குவேன், அவ்வளவுதான் என் சாப்பாடு. கிணற்றடியில் குனிந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் அசந்திருந்த நேரம், நாயின் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். பாதிதான் விழுந்திருக்கும்.

"அடிப் பாவி! நாய்க்கா ஊத்துற?"

திரும்பினால் மாமியார். ஓடிவந்து என் கையிலிருந்த கும்பாவைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.

"நாய்க்குத்தான் ஊத்துறேன். அதுல என்னத்தைக் கலந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என்னைய அங்கிட்டு அனுப்பிப்புட்டு ஒங்க அண்ணன் மகளை இங்கிட்டுக் கூட்டியாரப் பாக்குறீங்க!"

அவர் பிடியை விட்டுவிட்டார். என்னையே பார்த்தார். பிறகு அப்படியே அடுப்புப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஈரலு," என்றார். "முட்டை. முட்டை ஓட்டுப் பொடி. அந்த நாத்தம் புடிச்ச எண்ணெய். நாய்க்கு வந்ததுல பாதியை எடுத்து ஒனக்குக் கலந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கு எதுக்கு?"

"டாக்டரு சொன்னப்ப நீயும் ஏம் பக்கத்துலதான நின்ன? தாய்கிட்ட இல்லாட்டி வயித்துல இருக்குறது எங்க போயி வாங்கும்னு கேட்டாரே. காதுல விழலையா ஒனக்கு?"

விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் அது நாய்க்குச் சொன்னது என்றுதானே நான் கேட்டுக்கொண்டேன்?

"ஏம் மகளுக்கு எந்த டாக்டரும் வரல," என்றார் மாமியார். அவருடைய மகள், என் கணவரின் அக்கா, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தலைப்பிரசவத்தில் போய்விட்டவர். "மூஞ்சி வெளுத்து, காலு வீங்கி, ஆத்தா பசிக்குதுன்னா. அரை வயிறு, அரை வயிறுன்னு சொல்லி நான்தான் அவ கும்பாவைப் புடுங்கி வச்சேன். எல்லாரும் சொன்னாங்க, நானும் செஞ்சேன். பாதிச் சோத்தோட எந்திரிச்சுப் போனா. தாயும் போயி, புள்ளையும் போயி..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அப்போதும் என் கோபம் போகவில்லை. சந்தேகமும்தான்.

"என்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா தின்ருப்பியா? அரை வயிறுதான் திங்கணும்னு ஒங்க ஆத்தா ஒங்கிட்டத் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கு. ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா முட்டையை எண்ணிப் பூட்டி வச்சுருவாரு."

தின்றிருக்க மாட்டேன். அது உண்மைதான். ஆனால் பேசத் தெரிந்தவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசலாமே? மகளைச் சொல்லிக்கூட ஏமாற்றலாமே? கும்பாவை அவர் முன்னால் நீட்டினேன்.

"மொதல்ல நீங்க தின்னுங்க."

கும்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் கவிச்சி தொடமாட்டேன்னு தெரியுமில்ல? எம் மக போன அன்னைக்கு விட்டது."

"தெரியும். தின்னுங்க, அயித்தை."

வாங்கினார். சோற்றிலிருந்து ஒரு துண்டு ஈரலை விரலால் எடுத்து வாயில் போட்டு மென்றார். குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவது வாய்க்குக் கை போனபோது நான் கும்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, மிச்சத்தை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். அவ்வளவு பசி எனக்கு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. நாய் தட்டுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு பாட்டிலில் கோடு போடுவதை விட்டேன். நாய்க்கு ஆகாரம் போதவில்லை என்று மாமியாரே மாமனாரிடம் சொல்லி, ஈரலும் முட்டையும் கூடுதலாக வரவழைத்தார். "சினை முத்த முத்தக் கூடத்தான் வேணும்," என்று மாமனாரும் வாங்கிப் போட்டார். சமைக்கும்போது இரண்டு சட்டி வைப்போம். ஒன்று நாய்க்கு, ஒன்று எனக்கு. எனக்கானதில் மட்டும் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு நாற்றத்தை அடக்கக் கற்றுக்கொண்டோம். முழு வயிறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பயமாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறதோ என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். மாமியார் எழுந்து வந்து கேட்பார், "துடிக்குதா?" துடிக்கிறது என்பேன். அவர் போய்ப் படுத்துக்கொள்வார்.

நாய்தான் முதலில் ஈன்றது. குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. கண் திறந்து, எழுந்து, கொல்லையெல்லாம் ஓடிய பிறகு மாமனார் பங்காளிகளை வரவழைத்து, ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிக் காலை நீட்டிக் காட்டினார். அறந்தாங்கி டாக்டரைப் புகழ்ந்து தள்ளிவிட்டார்.

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் எனக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. கத்திய கத்தல் வாசல் வரை கேட்டதாக மாமனார் சொன்னார். மருத்துவச்சி குளிப்பாட்டித் துணியில் சுற்றி மாமியாரின் மடியில் போட்டாள். அவர் துணியை விலக்கி, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு காலையும் மெல்ல நீவிப் பார்த்தார். "நேரா இருக்கு தாயி," என்றார் என்னிடம். அதற்குப் பிறகு என் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் மகளின் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தார்.